நார்தம்பர்லாந்துக் கடற்கரையில் அம்மாவும் வெந்நீர்த் தொட்டியும்

லாட்ஜ் பதிவு செய்துவிட்டேன் என்று நான் தொலைபேசியில் சொன்னதும் தூத்துக்குடியிலிருந்த அம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "ஏட்டி, லீட்ஸில வீட்ட வச்சிக்கிட்டு எதுக்கு லாட்ஜில போயி தங்கணும்?" என்று கேட்டாள். பேருந்து நிலையத்துக்கு எதிரே, வரவேற்பு மேசைக்குப் பின்னால் சாவிகள் வரிசையாகத் தொங்கும் மூன்று மாடிக் கட்டடம்தான் அவள் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். இங்கிலாந்தின் விடுமுறைப் பூங்காக்களில் லாட்ஜ் என்பது மரத்தாலான தனி வீடு என்பதையும், படுக்கையறைகளும் சமையலறையும் போக, கடலைப் பார்த்த ஒரு மரத்தளமும் அதன்மேல் நமக்கென்றே ஒரு வெந்நீர்த் தொட்டியும் அதில் இருக்கும் என்பதையும் விளக்கி முடிக்க அரை மணி நேரமாயிற்று.

அந்தத் தொட்டிக்காகத்தான் பயணமே. அம்மாவுக்கு அறுபத்தாறு வயது. இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம். வெந்நீரில் கால்களை நீட்டி உட்கார்ந்தால் அவளுக்கு இதமாக இருக்கும் என்பது தெரிந்ததுதான் என்றாலும், நீச்சலுடை அணிந்த அந்நியர்களுக்கு நடுவே ஒரு பொதுக் குளத்தில் அவளை இறக்குவது நடக்கிற காரியமில்லை. மருமகன் வீட்டில் இருந்தாலே உரக்கப் பேசாதவள் அவள். ஆகவே தொட்டி தனியாக இருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் பார்வையில் படவும் கூடாது.

இந்த இரண்டாவது நிபந்தனையை அனுபவத்தில்தான் கற்றுக்கொண்டோம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் யார்க்‌ஷயர் கடற்கரையில் ஒரு பூங்காவில் 'தனித் தொட்டி' என்ற விளம்பரத்தை நம்பி இரண்டு இரவுகளுக்குப் பணம் கட்டினோம். தொட்டி தனியாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்த வீட்டின் தொட்டி அதிலிருந்து பத்தடி தூரத்தில், இடையில் தட்டிகூட இல்லாமல் இருந்தது. அதைவிடப் பெரிய ஏமாற்றம், மாலை நான்கு மணிக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் குளிர்ந்தே கிடந்ததுதான். "காலையில் சரியாகிவிடும்" என்றார்கள். காலையில் சரியாகவே இருந்தது; ஆனால் இரண்டு இரவுகளில் ஒன்று போய்விட்டது.

அதில் அவர்களுடைய தவறு, முன்கூட்டியே சொல்லாதது மட்டும்தான் என்று பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தபோது புரிந்தது. வாடகை வீடுகளில் ஒரு குடும்பம் வெளியேறியதும் தொட்டியை முழுவதும் வடித்து, கழுவி, புதுத் தண்ணீர் நிரப்ப வேண்டும் என்பது பிரிட்டனின் உடல்நல, பாதுகாப்பு நிர்வாகம் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டியில் உள்ளது. வெதுவெதுப்பான நீரில் பெருகி, காற்றில் தெறிக்கும் நுண்துளிகளோடு நுரையீரலுக்குள் போகக்கூடிய லெஜியோனெல்லா என்ற நுண்ணுயிர்தான் காரணம். அப்படியொரு தொட்டியில் நிரம்பும் 1,200 லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி உயர்த்த ஏறக்குறைய 1.4 யூனிட் மின்சாரம் வேண்டும். குழாயில் 10 டிகிரியில் வரும் தண்ணீரை 38 டிகிரிக்குக் கொண்டுவர 39 யூனிட்; சாதாரணமாகப் பொருத்தப்படும் 3 கிலோவாட் சூடாக்கிக்கு அது பதின்மூன்று மணி நேர வேலை. காலை பத்து மணிக்கு ஒரு குடும்பம் கிளம்பி, மாலை நான்கு மணிக்கு அடுத்த குடும்பம் வந்தால், இடையில் சும்மா இருக்கும் நேரமே இல்லையென்று வைத்துக்கொண்டாலும் தண்ணீர் 23 டிகிரியைத்தான் எட்டியிருக்கும். ஆகையால் பதிவு செய்வதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, கடல் தெரியுமா என்பதல்ல. தொட்டியில் நிரப்புவது குளிர்ந்த நீரா, சுடவைத்த நீரா என்பதே. சில பூங்காக்கள் கொதிகலனிலிருந்தே வெந்நீரை நிரப்புகின்றன. அப்படிப்பட்ட ஒன்றைத் தேடி ஆறு இடங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். நேராகப் பதில் சொன்ன இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன்.

அது இங்கிலாந்தின் வடகிழக்கு மூலையிலுள்ள நார்தம்பர்லாந்தில், பம்பரோ, சீஹவுசஸ் என்ற கடலோர ஊர்களுக்கு அருகில் இருந்தது. லீட்ஸிலிருந்து ஏ1 சாலையில் சுமார் 150 மைல். மே மாத நடுவில் திங்கள் முதல் வெள்ளி வரை நான்கு இரவுகளுக்குக் கேட்ட தொகை, வாரயிறுதியின் மூன்று இரவுகளுக்குக் கேட்டதற்குச் சமமாக இருந்தது. மூன்று வயது மகனுக்குப் பள்ளி இன்னும் தொடங்காததால் அந்த ஆதாயம் எங்களுக்குக் கிடைத்தது. ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குத் தொட்டியில் இடமில்லை என்பதையும் முன்பே எழுதிக் கேட்டுத் தெரிந்துகொண்டோம். மூடியில் பூட்டு உண்டா என்றும் சேர்த்தே கேட்டேன். அம்மாவின் இரத்த அழுத்த மாத்திரைச் சீட்டை மருத்துவரிடம் காட்டியபோது, 37 டிகிரிக்கு மேல் வேண்டாம், பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம், எழும்போது யாராவது கையைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றார்.

போய்ச் சேர்ந்த மாலை மானியில் 36 என்று பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட நிம்மதி, பின்னணியில் தெரிந்த பம்பரோ கோட்டையைப் பார்த்தபோதுகூட ஏற்படவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அம்மாவோ பெட்டியைத் திறந்து நல்லெண்ணெய்ப் புட்டியையும் சீயக்காய்ப் பொட்டலத்தையும் எடுத்து வைத்தாள். இவ்வளவு வெந்நீர் இருக்கும்போது எண்ணெய் தேய்த்துக் குளிக்காமல் வேறென்ன செய்வார்கள் என்பது அவள் கேள்வி. எண்ணெய் கலந்தால் தண்ணீர் நுரைத்து வடிகட்டி அடைத்துக்கொள்ளும், குளோரினும் வீணாகும், ஆகவே உள்ளே குளித்துவிட்டுத்தான் இதில் இறங்க வேண்டும் என்று நான் சொன்னதும், "குளிச்சிட்டு வந்து திரும்பவும் குளிக்கணுமாக்கும்" என்று சிரித்தாள். கடைசியில் தலையில் இருந்த எண்ணெயை அலசிவிட்டு, நைலான் சுடிதாருடன், மருமகன் பேரனைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போய்விட்டதை இரண்டு முறை உறுதி செய்துகொண்ட பிறகு இறங்கினாள். முதலில் தொட்டியின் விளிம்பை விடவில்லை. குமிழிகள் கிளம்பியதும் "அம்மாடி!" என்றாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். கால்கள் இரண்டும் தாமாகவே மிதந்து மேலே வந்தன.

மறுநாள் கடலைப் பார்க்கப் போனபோது கடல் அங்கே இல்லை. தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்தவளுக்கு இது ஒரு அதிர்ச்சி. மன்னார் வளைகுடாவில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஒரு மீட்டர்கூட வித்தியாசம் கிடையாது. இங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அது நான்கு மீட்டரைத் தாண்டும். ஆகவே இந்தக் கரைக்கு வருபவர்கள் தொட்டியின் நேரத்துக்கு அடுத்தபடியாகக் கடலின் நேரத்தைத் தெரிந்துகொண்டு வர வேண்டும். கி.பி. 635-இல் புனித ஐடன் மடம் நிறுவியதும், 793-இல் வைக்கிங்குகள் சூறையாடியதுமான லிண்டிஸ்ஃபார்ன் தீவுக்குச் செல்லும் சாலை நாளுக்கு இரண்டு முறை கடலுக்கு அடியில் போய்விடும். பாதுகாப்பாகக் கடக்கும் நேரங்களை மாவட்ட மன்றம் அட்டவணையாக வெளியிடுகிறது. அவை நாள்தோறும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். அந்த வாரம் எங்களுக்கு ஒத்துவந்தது புதன்கிழமை மட்டுமே. வழியில் கம்பங்களின்மேல் ஒரு சிறு மரக்கூண்டு நின்றது. அட்டவணையைப் பார்க்காமல் வருபவர்கள் வண்டியை விட்டுவிட்டு ஏறி உட்காருவதற்காக வைத்தது அது என்று சொன்னேன். அம்மா திரும்பி வரும்வரை கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மடத்தின் இடிபாடுகளை அவள் சரியாகப் பார்க்கவில்லை என்பதே என் எண்ணம்.

கிராஸ்டர் கிராமத்தில் மட்டும் அவள் அவசரப்படவில்லை. அங்கே ஹெர்ரிங் மீனைப் பிளந்து, உப்பு நீரில் ஊறவைத்து, ஓக் மரத்தூள் புகையில் பதப்படுத்துகிறார்கள். அந்த மீன் நம் ஊர்ச் சாளையின் உறவு. புகைக்கூடத்தின் வாசலில் நின்று ஒருமுறை மூச்சை இழுத்துவிட்டு, "வெயில் இல்லாத ஊர்க் கருவாடு" என்று தீர்ப்புச் சொன்னாள். அன்றிரவு அது புளிக்குழம்பில் கொதித்தது. புகை வாசனையும் புளியும் சேர்ந்ததில் எனக்கு உடன்பாடில்லை. என் கணவர் இரண்டு முறை சோறு போட்டுக்கொண்டார்.

மே மாத நடுவில் அங்கே இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் சூரியன் மறைகிறது. இருட்டிய பிறகு தொட்டியில் உட்கார்ந்தால் ஃபார்ன் தீவுகளின் பக்கமிருந்து லாங்ஸ்டோன் கலங்கரை விளக்கம் இருபது விநாடிக்கு ஒருமுறை மின்னுவது தெரியும். 1838 செப்டம்பரில், அந்த விளக்கத்தில் வாழ்ந்த கிரேஸ் டார்லிங் என்ற இருபத்திரண்டு வயதுப் பெண் தன் தந்தையோடு புயலில் படகு வலித்துப் போய், உடைந்த கப்பலில் எஞ்சியவர்களைக் காப்பாற்றிய கதையை அம்மாவுக்குச் சொன்னேன். கைப்பேசியைத் தண்ணீர் அருகே கொண்டுவர மனமில்லாததால் மருத்துவர் சொன்ன பத்து நிமிடத்தை அந்த மின்னலைக் கொண்டே அளந்தோம்: முப்பது மின்னல்கள். முதல் இரவு நான் எண்ணினேன். மறு இரவிலிருந்து அம்மா தானே எண்ணுவதாகச் சொன்னாள். வியாழன் இரவு இருபத்தைந்து வரை வந்துவிட்டு, கதைக்கு நடுவில் எண்ணிக்கை தவறிவிட்டதாகச் சொல்லி மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள். அவள் தவறவிடவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் கையைப் பிடித்து எழுப்பிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு நாங்கள் பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருக்கும்போதே பணியாளர் ஒருவர் வந்து தொட்டியின் அடியில் குழாயை மாட்டித் திறந்துவிட்டார். அம்மா படியில் நின்று, தண்ணீர் வடிகாலில் ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தன குடம் இருக்கும்ட்டி?"

"எண்பது குடம்மா."

"ஒவ்வொரு குடும்பத்துக்குமா?"

ஆம் என்றேன். ஏ1 சாலை வந்து சேரும்வரை அவள் வேறெதுவும் கேட்கவில்லை.