உருகின தண்ணீர் எங்கே போகும்?

ஒண்டாரியோவில் விமானம் பழுதுபார்க்கும் ஒரு ஹேங்கரில் வேலைக்குச் சேர்ந்த முதல் குளிர்காலம். டேஷ் 8 என்ற சிறிய பயணி விமானங்கள். எஞ்சின் வேலை என்று கனவோடு போனவனுக்குக் கிடைத்தது ரப்பர் வேலை. இறக்கையின் முன்விளிம்பில் ஒட்டியிருக்கும் கறுப்பு ரப்பர் உறையை நாங்கள் பூட் என்போம். பறக்கும்போது ஐஸ் படிந்தால் எஞ்சினிலிருந்து எடுத்த காற்று அதை உப்ப வைக்கும், ஐஸ் நொறுங்கிப் பறந்துவிடும். 1930களின் யோசனை, இன்றும் ஓடுகிறது.

ஒருநாள் இரவு லாக் புக்கில் 'இடது பக்க பூட் உப்பவில்லை' என்று எழுதியிருந்தது. வால்வு, வயரிங் எல்லாம் பார்த்தேன், பாதி ஷிஃப்ட் போனது, எல்லாம் சரியாகவே இருந்தது. சீனியர் வந்து பூட்டை உப்ப வைத்து சோப்புத் தண்ணீரைத் தெளித்தார். ஓரிடத்தில் குமிழ் வந்தது. ஊசி முனையளவு ஓட்டை. உப்பாத நேரத்தில் பூட் இறக்கையோடு படிந்திருக்க வேண்டும் என்று உள்ளே காற்றை உறிஞ்சிக்கொண்டே இருப்பார்கள், அந்த உறிஞ்சலில் ஓட்டை வழியே மழைத்தண்ணீர் போய், மேலே குளிரில் குழாய்க்குள் உறைந்து அடைத்திருக்கிறது. ஹேங்கர் சூட்டில் உருகிவிட்டதால் எனக்கு எதுவும் தெரியவில்லை. ஐஸை விரட்டும் குழாய்க்குள்ளேயே ஐஸ்! அப்புறம் தேய்த்து, டொலுயின் என்ற கரைப்பானால் துடைத்து, இரண்டு பூச்சுப் பசை காயவிட்டு, ஒட்டு வைத்து ரோலரால் அழுத்தினேன். சாப்பிடும்போதும் கையில் அந்த வாடை.

பிறகு நண்பன் ஒருவன் போயிங் 787 விமானங்கள் பக்கம் போனான். பல ஜெட் விமானங்களில் எஞ்சின் சூடுகாற்றை இறக்கைக்குள் விட்டு ஐஸை விரட்டுவார்கள்; இதில் இறக்கைக்கு அந்தச் சூடுகாற்றே கிடையாது, முன்விளிம்புக்குள் மின்சார வெப்ப விரிப்புகள். பழைய சூடுகாற்று முறைக்கு ஆகும் சக்தியில் ஏறக்குறைய பாதி போதும் என்கிறது போயிங். சோப்புத் தண்ணீருக்கு வேலையில்லை, மின்தடையை ஓமில் அளந்தால் போதும் என்று பீற்றிக்கொள்வான். பொறாமைதான்.

ஆனாலும் எனக்கு ரோஸ்லான் என்ற ஊரருகே நடந்த விபத்து ஞாபகம் வரும். 1994 அக்டோபர் 31, அமெரிக்காவின் இண்டியானாவில் ஏடிஆர் 72 பயணி விமானம் விழுந்து 68 பேர் இறந்தார்கள். பூஜ்ஜியத்துக்குக் கீழே போயும் உறையாமல் மிதந்த பெரிய துளிகள், பூட் எட்டாத இடத்தில், ஏலரானுக்கு (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்க இறக்கையின் பின்விளிம்பில் அசையும் தகடு) முன்னால் ஐஸாகப் படிந்தன. அதன் பிறகுதான் பூட்டை இன்னும் பின்னே வரை நீட்டினார்கள். வெப்ப விரிப்புக்கும் இதே சிக்கல் உண்டு: உருக்கினால் மட்டும் போதாது, தண்ணீர் வழிந்து பின்னால் போய் உறையும், முழுக்க ஆவியாக்கவோ ஏகப்பட்ட மின்சாரம் வேண்டும்.

அதனால் எனக்குப் பிடித்தது காக்ஸ் நிறுவனத்தின் கலப்பு முறை. முன்முனையில் மட்டும் கொஞ்சம் சூடு. வழிந்த தண்ணீர் பின்னால் உறையட்டும் என்று விட்டுவிடுவார்கள், அங்கே தகட்டுக்கு அடியில் மின்சுருள்கள் காத்திருக்கும். ஒரு நொடிக்கும் மிகக் குறைந்த நேரம் மின்சாரம் பாயும், தகடு துள்ளும், ஐஸ் விரிசல் விட்டுக் கழன்றுவிடும். நடுமண்டையில் ஒரு குட்டு வைப்பதுபோல. தண்ணீர் எங்கே போகும் என்று யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

எங்கள் ஹேங்கரில் இன்னும் ரப்பர்தான். விமானத்தைச் சுற்றி வரும்போது பூட் முடிகிற விளிம்பில் கட்டைவிரலை ஓட்டிப் பார்க்காமல் நான் நகர்வதில்லை.