வங்கக் கடலின் திருக்கையைத் தேடி டோஃபோவுக்கு

மொசாம்பிக் தலைநகர் மபூட்டோவிலிருந்து வடக்கே ஏறத்தாழ 500 கிலோமீட்டர் சாலைவழி வந்தால் டோஃபோ. கொம்புத்திருக்கைகளுக்கும் திமிங்கலச் சுறாக்களுக்கும் பேர்போன இந்தக் கடற்கரைக்கு நான் வந்தது சிறுகண் திருக்கைக்காக. கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் பணியாற்றிய நெல்சன் அனன்டேல், 1908-இல் வங்கக் கடலில் பிடிபட்ட மீனைக் கொண்டு விவரித்த இனம் அது; நம் கடலில் முதன்முதலாகப் பெயர் பெற்ற மீனை உயிரோடு பார்க்க ஆப்பிரிக்கா வரை போக வேண்டியிருந்தது எனக்கு வருத்தமாகவும் வியப்பாகவும் இருந்தது.

நெடுங்காலம் இந்த மீனைப் பற்றித் தெரிந்ததெல்லாம் வலையில் எப்போதாவது சிக்கியவற்றைக் கொண்டுதான். இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதியிலும் அது வாழ்கிறது என்று 2008-இல் சைமன் பியர்ஸ், வில்லியம் வைட், ஆண்ட்ரியா மார்ஷல் ஆகியோர் வெளியிட்ட பதிவுக்கு ஆதாரம் தந்தது இந்தக் கடல்தான்.

விடிந்ததும் ரப்பர் படகை அலைகளுக்குள் தள்ளி ஏறினோம். இரண்டாம் முறை மூழ்கியபோது, இருபது மீட்டருக்கும் கீழே, பாறை விளிம்பைத் தாண்டி ஒன்று வந்தது. திருக்கை என்றால் மணலில் புதைந்து கிடக்கும் என்றே பழகிய கண்ணுக்கு, தரையிலிருந்து எழும்பி, அகன்ற உடலை மேலும் கீழுமாக அசைத்துக்கொண்டு அது நீந்திய விதம் புதிது. இரண்டு மீட்டருக்கும் மேல் அகலம் வளரக்கூடிய உடலில் அந்தக் கண்கள் அவ்வளவு சிறியவை. வால் அடிப்பாகத்தில் தட்டையாகப் பட்டைபோல் இருந்தது. செந்தவிட்டு நிற முதுகில் வெண்புள்ளிகள் துலங்கின.

அந்தப் புள்ளிகளைத்தான் படம் எடுக்க வேண்டும். ஒவ்வொரு மீனுக்கும் புள்ளிகளின் அமைப்பு வேறுபடுவதால், விரலிலுள்ள ரேகையைப் போல அவற்றைக் கொண்டே ஒரு மீனைத் திரும்ப அடையாளம் காணலாம். முக்குளிப்போர் தந்த படங்களையும் சேர்த்து, 15 ஆண்டுப் பதிவுகளிலிருந்து 70 தனி மீன்களைப் பிரித்தறிந்த ஆய்வு 2019-இல் வெளியானது. அவற்றுள் ஒன்று டோஃபோவுக்கும் பசரூட்டோ தீவுகளுக்கும் இடையே போய்த் திரும்பி 400 கிலோமீட்டர் கடந்திருந்தது. எங்கே, எந்த நாளில், எந்த ஆழத்தில் என்ற குறிப்போடு வரும் ஒரு சுற்றுலாப் பயணியின் படம்கூட இவ்வளவைச் சொல்லிவிடுகிறது என்பதே என்னை இங்கே இழுத்தது.

மீனைத் துரத்தாமல், பக்கவாட்டில் சற்று மேலே ஒதுங்கி நின்று ஏழு படங்கள் எடுத்தேன். அவற்றில் நான்கில் கடல் கலங்கல் மட்டுமே. மூன்றில் வலப்பக்கப் புள்ளிகள் எண்ணும்படி தெளிவாக இருந்தன. காசிமேட்டில் ஏலத்துக்குக் கிடத்திய திருக்கைகளை எத்தனையோ காலைகளில் கடந்து சென்றிருக்கிறேன், ஒன்றின் முதுகையாவது குனிந்து பார்த்ததில்லை. அன்று மாலை, ஆழத்தையும் நேரத்தையும் எழுதி, அந்த மூன்று படங்களையும் அங்கிருந்த ஆய்வாளர்களிடம் ஒப்படைத்தேன்.