மதிலுக்கு வெளியே உள்ள இடம்

எங்கள் தெருவில் தகராறு என்றாலே அது பெரும்பாலும் கார் நிறுத்துவதைப் பற்றியதாகத்தான் இருக்கும். சொந்த வீட்டுக்காரர்கள் சிலர், மதிலுக்கு வெளியே உள்ள இடமும் தங்கள் பத்திரத்தில் எழுதப்பட்டிருப்பதைப் போல அங்கே பூந்தொட்டிகளையும் கால் உடைந்த நாற்காலியையும் வைத்துவிட்டு, வாடகைக்கு இருப்பவர் வண்டியை நிறுத்தினால் அவருடைய வீட்டு உரிமையாளரிடம் புகார் சொல்கிறார்கள். ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டியவர் எதிர்த்துப் பேசுவாரா? ஒரு கார் நிற்க ஏறத்தாழ 5 மீட்டர் நீளம் வேண்டும். வீட்டுக்குள் கார் கொட்டகை கட்டி அதற்குத் தெருப்பக்கம் வாயில் திறக்கும் ஒவ்வொருவரும், அந்த வாயிலை மறித்து வேறு யாரும் வண்டி நிறுத்த முடியாததால், எல்லோருக்கும் பொதுவாக இருந்த ஓரிடத்தைத் தமக்கு மட்டும் உரியதாக்கிக்கொள்கிறார். அந்தக் கொட்டகையிலோ பல வீடுகளில் தட்டுமுட்டுச் சாமான்கள்தான் கிடக்கின்றன. ஒரே வீட்டில் நால்வர் சேர்ந்து குடியிருந்து நான்கு கார்கள் வைத்திருப்பதும் உண்டு, மறுக்கவில்லை. தெருவில் கார் நிறுத்த அனுமதிச் சீட்டு முறை வருமானால், அது சொத்துரிமையைப் பாராமல் குடியிருப்பைப் பார்த்து, வீட்டுக்கு இத்தனை என வழங்கப்பட வேண்டும் என்பதே என் கருத்து.