அம்மாவின் மூங்கில் கம்புகள்

மின்தூக்கிக்குப் பக்கத்தில் இருக்கும் அறிவிப்புப் பலகையை அம்மா கீழிருந்து மேலாகத்தான் படிப்பார். நான்கு மொழிகளில் ஒட்டினால் தமிழ் கடைசியில்தான் இருக்கும் என்பது அவருடைய பல வருட அனுபவம். ஒரு நாள் காலையில் சந்தையிலிருந்து வந்தவர், பையைக்கூட இறக்கி வைக்காமல், "நம்ம புளோக்குக்கும் ஹிப் வருதாம்" என்றார். குரலில் மகிழ்ச்சி இல்லை.

ஹிப் என்பது வீவகவின், அதாவது சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின், இல்ல மேம்பாட்டுத் திட்டம். 2007இல் அறிவித்தபோது 1986 வரை கட்டிய வீடுகளுக்கு மட்டும்தான் என்றார்கள். ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக் 1987இல் எழும்பியது. ஒரே ஒரு வருஷத்தில் தவறவிட்டோம். சாலைக்கு அந்தப் பக்கத்து புளோக் எங்களைவிடக் கொஞ்சம் மூத்தது. அங்கே இருக்கும் அம்மாவின் தோழி, தீபாவளிக்குப் போனாலும் சரி, சும்மா பார்க்கப் போனாலும் சரி, முதலில் புதுக் கழிப்பறையைத்தான் திறந்து காட்டுவார். 2018இல் அரசாங்கம் திட்டத்தை 1997 வரை கட்டிய வீடுகளுக்கும் நீட்டித்தது. நீட்டித்ததும் ஆள் வந்து நிற்கவில்லை. புளோக் புளோக்காக வரிசை, அதில் எங்கள் முறை வர இன்னும் சில வருஷம்.

எனக்கு அது வேண்டியிருந்தது. அம்மா படுக்கும் அறையின் கூரையில் சிமெண்டு உதிர்ந்து, உள்ளே துருப்பிடித்த கம்பி எட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தது. கட்டிலை நான் இரண்டு முறை நகர்த்திப் போட்டேன். இரண்டு முறையும் அம்மா பழைய இடத்துக்கே இழுத்துவிட்டார், மின்விசிறிக் காற்று வரவில்லையாம்.

வீட்டுக்கு வந்த கையேட்டை மேசையில் விரித்து அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கூரையில் உதிரும் காங்கிரீட்டைச் சரிசெய்வது, கழிவுநீர்க் குழாய்களை மாற்றுவது, வீட்டுக்கு வரும் மின்சார அளவைக் கூட்டுவது எல்லாம் அத்தியாவசியப் பட்டியலில். சிங்கப்பூரர்களுக்கு முழுச் செலவும் அரசாங்கத்துடையது. கழிப்பறை, வாசல் கதவு, இரும்புக் கதவு, குப்பைக் குழாய் மூடி இவையெல்லாம் நம் விருப்பம், அதற்கு மட்டும் சிறு பங்கு கட்ட வேண்டும். மூவறை வீட்டுக்கு 5 விழுக்காடு, ஐயறைக்கு 10, அதைவிடப் பெரிய எக்சிகியூட்டிவ் வீட்டுக்கு 12.5. நாங்கள் நான்கறை.

"நமக்கு ஏழரை" என்றேன்.

"பேரே சரியில்லையே" என்றார் அம்மா.

சனியைக்கூட அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். பொறுக்க முடியாமல் போனது அத்தியாவசியப் பட்டியலின் இன்னொரு வரி: துணி காயப்போடும் குழாய்த் துளைகளை எடுத்துவிட்டுப் புது உலர்த்தும் சட்டம் பொருத்துவது.

பழைய வீவக வீட்டில் வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சமையலறை சன்னலுக்கு வெளியே, சுவரில் வரிசையாக இரும்புக் குழாய்கள் பதித்திருக்கும். மூங்கில் கம்பில் துணியைக் கோத்து, கிளிப் போட்டு, கம்பின் அடியை அந்தக் குழாயில் செருக வேண்டும். கம்பு வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டு நிற்கும். ஈரத் துணியோடு கம்பு என்ன கனம் கனக்கும் என்பது தூக்கியவர்களுக்குத் தெரியும். அம்மாவுக்கு வயது 74. ஏழாவது மாடியில், பாதி உடம்பை வெளியே நீட்டி அவர் கம்பு செருகுவதைப் பார்த்தாலே எனக்கு அடிவயிறு கலங்கும். அவருக்கோ அதில் ஒரு கர்வம். ஐந்தரை மீட்டர் சேலையை ஒரே கம்பில் மடிப்புக் கலையாமல் காயவைப்பது ஒரு வித்தை. "அந்தக் குட்டிச் சட்டத்துல சேலையை எப்படிடா போடறது? கைக்குட்டையா கட்டிக்கிட்டுப் போறேன்?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை, இன்றைக்கும் இல்லை. துணி உலர்த்தும் சட்டத்தை வடிவமைத்தவர் வீட்டில் சேலை கட்டுகிறவர்கள் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

ஹிப் நடக்க வேண்டுமென்றால் புளோக்கில் வாக்களிப்பு நடக்க வேண்டும். தகுதிபெறும் சிங்கப்பூரர் வீடுகளில் 75 விழுக்காடு ஆதரித்தால்தான் வேலை தொடங்கும். வீட்டுக்கு ஒரு வாக்கு. வீடு அம்மா பெயரிலும் என் பெயரிலும் இருக்கிறது. அம்மா தெளிவாகச் சொல்லிவிட்டார், வேண்டாம் என்றுதான் போட வேண்டுமாம்.

நான் செனோக்கோ பக்கம் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை பார்க்கிறேன். ஒரு காலை வேலை முடிந்து வரும்போது கீழ்த்தளத்தில் மேசை நாற்காலி போட்டு வாக்குப் பெட்டியோடு அமர்ந்திருந்தார்கள். அடையாள அட்டையைக் காட்டினேன், 'ஆம்' என்று போட்டேன், மேலே வந்து இட்டிலி சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. முடிவு வந்தபோது 75ஐத் தாராளமாகத் தாண்டியிருந்தது. என் வாக்கு இல்லாவிட்டாலும் நடந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அப்பா இருந்த காலத்தில் இதேபோல் மின்தூக்கிக்கு ஒரு வாக்களிப்பு நடந்தது. அப்போது எங்கள் மின்தூக்கி 1, 5, 9 என்று மூன்று மாடிகளில்தான் நிற்கும். ஏழாவது மாடிக்காரர்கள் ஐந்தில் இறங்கி ஏறலாம், அல்லது ஒன்பதில் இறங்கி நடந்து வரலாம். முட்டி வலி வந்த பிறகு அப்பா ஒன்பதுக்குத்தான் போவார். எல்லா மாடியிலும் நிற்கும்படி மாற்றும் திட்டம் 2001இல் வந்தது, அதற்கும் அதே 75 விழுக்காடுதான். அப்பாதான் போய் வாக்களித்துவிட்டு வந்தார். எங்கள் வாசலில் மின்தூக்கி நின்றபோது அப்பா இல்லை. அம்மா ரொம்ப நாள் ஒன்பதாவது மாடிப் பொத்தானையே அழுத்திக்கொண்டிருந்தார்.

சரி, பத்து நாள் கதைக்கு வருகிறேன்.

ஒரு வீட்டுக்குள் சுமார் பத்து வேலை நாள். கழிவுநீர்க் குழாய் மேலிருந்து கீழ் வரை ஒன்றே என்பதால் நேர் மேல், நேர் கீழ் வீடுகள் எல்லாவற்றிலும் ஒரே சமயத்தில் உடைப்பார்கள். எங்கள் வரிசைக்கு வந்த தேதி புரட்டாசியில். குளித்துவிட்டு விளக்கேற்றாமல் அம்மா ஒரு வாய் காப்பிகூடக் குடிக்க மாட்டார், அதிலும் புரட்டாசி. குளியலறையே இல்லாத புரட்டாசியா என்பதுபோல் என் முகத்தைப் பார்த்தார்.

இடைக்கால ஏற்பாடாக ஒரு நகர்த்தும் கழிப்பறையைத் தந்தார்கள். அதை எங்கே வைப்பது என்பதில் ஒரு முழு மாலை போனது. கூடத்தில் சாமி மாடம் இருக்கிறது. சமையலறையில் வைத்தால் அடுப்பு. அம்மா அறையில் வைத்தால் அம்மா. கடைசியில் என் அறைக்குள் வந்தது. பகலில் தூங்குகிறவன் அறை, பகலில் யாருக்காவது அவசரம் வந்தால் நான் எழுந்து வெளியே நிற்க வேண்டும். கீழ்த்தளத்தில் பொதுக் குளியலறையும் வைத்திருந்தார்கள். அம்மா ஒரு முறை போய்ப் பார்த்தார். கதவைத் திறந்தார், மூடினார், திரும்பிவிட்டார்.

அம்மாவைக் காப்பாற்றியது பக்கத்து வீட்டு மக்சிக், மலாய்க்கார அம்மா. அவர் வீடு அடுத்த வரிசை, அங்கே வேலை தொடங்க இன்னும் மூன்று வாரம் இருந்தது. சுபூ தொழுகைக்கு எப்படியும் ஐந்தரைக்கெல்லாம் எழுந்துவிடுவார். "மாரி, மண்டி சினி", வா, இங்கே குளி என்று மலாயில் சொல்லிக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். பத்து நாளும் அம்மா விடிவதற்கு முன்னால் வாளி, துண்டு, மாற்றுச் சேலையோடு பக்கத்து வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு வந்து விளக்கேற்றினார். மூன்று வாரம் கழித்து மக்சிக் குடும்பம் ஐந்து பேர் எங்கள் வீட்டுக்குக் குளிக்க வந்தார்கள். அந்த வாரங்களில் எங்கள் தண்ணீர்க் கட்டணம் எகிறியது. அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மக்சிக் தேர்ந்தெடுத்த தரை ஓடுகளின் நிறத்தைப் பற்றி மட்டும் நிறையப் பேசினார்.

நான் தூங்க முடியவில்லை. சுவர் உடைக்கும் இயந்திரம் ஓடும்போது பல் கூசும். முதல் இரண்டு நாள் ஈசூனில் ரயிலேறி, கடைசி நிலையமான மரினா சவுத் பியர் வரை தூங்கிக்கொண்டே போய், அதே ரயிலில் தூங்கிக்கொண்டே திரும்பினேன். மூன்றாம் நாளிலிருந்து செம்பவாங்கில் தங்கை வீட்டு சோபா.

ஆகவே வேலை செய்த தம்பிகளோடு அதிகம் பழகியது அம்மாதான். அதில் ஒருவர் அறந்தாங்கிப் பக்கம். அம்மாவைப் பெற்ற தாத்தாவின் ஊரும் அங்கேதான். முதல் நாள் தேநீர், இரண்டாம் நாள் தேநீரும் மெதுவடையும், நான்காம் நாள் அவர் வீட்டில் எத்தனை பேர், தங்கைக்கு எப்போது கல்யாணம் என்பதுவரை அம்மாவுக்குத் தெரியும். குழாய்த் துளைகளை எடுக்கும் நாளில் அவர்தான் அம்மாவிடம் வந்து, "அம்மா, இதை எடுக்கணும்" என்று தயங்கிச் சொன்னாராம். அம்மா நான்கு கம்புகளையும் எடுத்துக் கொடுத்துவிட்டு, ஒன்றை மட்டும் பாதியாக வெட்டித் தரச் சொல்லியிருக்கிறார். அந்தப் பாதிக் கம்பு இப்போது ஒட்டடை அடிக்கிறது.

ஒரு மனக்குறை உண்டு. உடைத்த ஓடுகளைச் சாக்கு மூட்டைகளில் கட்டி நடைபாதையில் வைத்தார்கள், அப்படியே விட்டுவிட்டார்கள். மழை பெய்து மேல் மூட்டையில் தண்ணீர் தேங்கியது. எங்கள் நடைபாதையிலேயே கொசு பிடிக்கும் கறுப்புக் குவளை ஒன்று தொங்குகிறது, அதற்குப் பக்கத்திலேயே கொசுவுக்கு விருந்து. ஓர் எண்ணைக் கூப்பிட்டேன், வீட்டு வேலை சம்பந்தப்பட்டது என்றால் வேறு எண் என்றார்கள். அந்த எண்ணில், நடைபாதை பொது இடமாயிற்றே என்றார்கள்.

அப்போதுதான் 2014இல் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் தேசிய தினப் பேரணி உரையில் சொன்ன மீன் உருண்டைக் குச்சி நினைவுக்கு வந்தது. புக்கிட் கொம்பாக்கில் நடைபாதையில் யாரோ தின்றுவிட்டுப் போட்ட குச்சி. இடதுபக்கச் சரிவு நில ஆணையத்துடையது, நடுவில் உள்ள பூங்கா இணைப்பு பூங்காக் கழகத்துடையது, சாலையை ஒட்டிய நடைபாதை இன்னோர் அமைப்புடையது. குச்சி கோட்டுக்கு எந்தப் பக்கம் விழுந்ததோ அதைப் பொறுத்து அள்ளுகிறவர் மாறுவார். சபையே சிரித்தது. இதற்காகத்தான் அந்த ஆண்டு நகராட்சிச் சேவை அலுவலகம் அமைந்தது, 2015இல் 'ஒன்சர்விஸ்' செயலி வந்தது. படம் எடுத்துப் போட்டால் போதும், எந்த அமைப்பின் வேலை என்று அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். செயலி என் கைப்பேசியில் நான்கு வருஷமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. மூட்டையைப் படம் எடுத்து அனுப்பினேன். இரண்டாம் நாள் மாலையில் மூட்டைகளைக் காணோம். யார் எடுத்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள வேண்டியிராததுதான் நிம்மதி.

இப்போது கூரையில் கம்பி தெரிவதில்லை. குளியலறையில் வழுக்காத தரை, சுவரில் பிடித்து எழப் பிடிமானக் கம்பிகள். மூத்தோருக்கான 'ஈஸ்' திட்டத்தில் விண்ணப்பித்து வாங்கியவை, 65 வயது நிறைந்த சிங்கப்பூரர் வீட்டில் இருந்தால் கேட்டுப் பார்க்கலாம். அம்மா அதைப் பிடித்து எழுந்து நான் பார்த்ததில்லை. துண்டு காயப்போட வசதியாக இருக்கிறது என்கிறார். சேலைகள் மட்டும் நான்காக மடிந்து புதுச் சட்டத்தில் தொங்குகின்றன. காய்வதற்குக் கூடுதலாக அரை நாள் ஆகிறது, ஒவ்வொரு முறையும் அது எனக்குத் தெரிவிக்கப்படுகிறது.

போன மாதம் புது அறிவிப்பு. புளோக்குக்கு மறுபடி வண்ணம் பூசப் போகிறார்கள், மூன்று வண்ணத் திட்டங்களில் குடியிருப்பாளர்கள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். அம்மா கீழிருந்து மேலாகப் படித்துவிட்டு வந்தார். சனிக்கிழமை காலையில் நல்ல சேலையாக ஒன்றைக் கட்டிக்கொண்டு, என்னை எழுப்பாமல் தனியாகக் கீழே போயிருக்கிறார். திரும்பி வந்தபோது நான் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன்.

"எந்த நிறத்துக்கும்மா போட்டீங்க?"

"ஓட்டை வெளிய சொல்லக் கூடாதுடா" என்றார். செருப்பை அடுக்கிவிட்டு அடுப்படிக்குப் போகும் வழியில் திரும்பிப் பார்க்காமல் சேர்த்தார். "அது உனக்குத் தெரியாதா என்ன."