ஐம்பது வயதில் விதை போட்ட பாலி ஹில்

மரம் வைக்கணும் என்றால் நம்மில் பலர் நர்சரிக்குப் போய் இடுப்பு உயரக் கன்றாகப் பார்த்துத்தான் வாங்குவோம், சீக்கிரம் நிழல் கிடைக்குமே. அமெரிக்காவில் பாலி ஹில் என்ற அம்மா 1958-ல், ஐம்பது வயது வாக்கில், மரங்களை விதையிலிருந்தே வளர்க்க ஆரம்பித்தார். அவை பூக்கிறவரை இருப்போமா என்று யாராவது அவரிடம் கேட்டார்களோ என்னவோ, 2007-ல் இறந்தபோது அவருக்கு வயது நூறு.

இடம் மாசசூசெட்ஸ் கடலோரத்தில் உள்ள மார்த்தாஸ் வினியார்ட் தீவு. ஒரு காலத்தில் ஆடு மேய்ந்த பழைய பண்ணை, 1926-ல் அவருடைய பெற்றோர் வாங்கியது. மணல் மண், உப்புக்காற்று, பனி வேறு. இந்தக் குளிருக்குத் தாங்காது என்று மற்றவர்கள் ஒதுக்கிய செடிகளைத்தான் அவர் முயன்று பார்த்தார். ஒட்டுக் கன்று என்றால் எல்லாம் ஒரே வார்ப்பு, ஒன்று செத்தால் மற்றதும் சாகும். விதையில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு குணம் என்பதால் ஒரு தட்டில் ஏதாவது ஒன்றிரண்டு குளிரைத் தாங்கி நிற்கும். எந்த விதை எங்கிருந்து வந்தது, எது முளைத்தது, எது செத்தது என்று எல்லாவற்றையும் எழுதி வைத்தார். என்னைக் கேட்டால் வீட்டுத் தோட்டம் ஆராய்ச்சியாக மாறியது அந்த இடத்தில்தான். செத்த செடியை யார் கணக்கில் வைக்கிறோம்?

இளம் வயதில் ஜப்பானில் ஆசிரியராக இருந்தவர் என்பதால் அங்கே பழக்கம் உண்டு. ரொகுஜோ என்ற ஜப்பானிய நண்பர் அனுப்பிய அசேலியா என்ற பூச்செடியின் விதைகளிலிருந்து, தரையோடு பாய் விரித்த மாதிரி படரும் ரகங்கள் கிடைத்தன. அவற்றில் சிலவற்றுக்குக் குடும்பத்தார் பெயரையே வைத்தார். கணவர் ஜூலியன் ஹில் டூபான்ட் என்ற ரசாயன நிறுவனத்தின் வேதியியலாளர், 1930-ல் பாலியெஸ்டர் குழம்பைக் குச்சியால் தொட்டு இழுத்து நூலாக்கியவர், நைலானுக்கு வழி திறந்த வேலை அது. அவர் பேரில் பெரிய இலை மக்னோலியா ஒன்று இருக்கிறது. அந்த மரத்தின் இலை இரண்டடி நீளத்துக்கும் மேலே போகும், நம்ம தேக்கு இலையே அதன் பக்கத்தில் சின்னதாகத் தெரியும்.

1998-ல் பண்ணை பொதுமக்களுக்கான மரப் பூங்காவானது. அங்கே ஸ்டூவர்ட்டியா என்ற பூமரங்களின் தொகுப்பு பிரசித்தம். தேயிலைக் குடும்பம்தான் அதுவும். வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள் மகரந்தம், தேயிலைப் பூவைப் பார்த்தவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். அந்தப் பக்கம் போகிறவர்கள் ஜூன் கடைசி, ஜூலை வாக்கில் போனால் பூவோடு பார்க்கலாம்.