கண்ணுக்கு விட்ட சொட்டு, கன்னத்தில் போட்ட கோடு

அம்மாவுக்குக் கண் அழுத்தத்திற்காக டார்சோலமைடு சொட்டு மருந்து, தினமும் மூன்று வேளை. மூன்றாவது வாரம் இமை இரண்டும் வீங்கி, மருந்து வழிந்த தடம் அப்படியே கன்னத்தில் கோடாகச் சிவந்து, வெங்காயச் சருகு மாதிரி தோல் உரிய ஆரம்பித்தது. தூசிதான் என்று நினைத்துத் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டேன், இப்போதும் மனசு வலிக்கிறது.

டார்சோலமைடு, சிலருக்கு ஒவ்வாமை தரக்கூடிய சல்ஃபா வகை மருந்து. சொட்டு கண்ணீர்க் குழாய் வழியே மூக்குக்கு இறங்கி ரத்தத்திலும் கலப்பதால், அரிதாக ஸ்டீவன்ஸ் ஜான்சன் போன்ற உயிருக்கே ஆபத்தான தோல் பாதிப்பும் வரலாம். காய்ச்சல், வாய்ப்புண், உடம்பில் கொப்புளம் என்று வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

அம்மாவுக்கு அந்த அளவுக்குப் போகவில்லை. டாக்டர் வேறு மருந்துக்கு மாற்றினார், பத்து நாளில் சரியானது. அப்புறம் அம்மாவின் ஃபைலின் அட்டையிலேயே சிவப்பு மையில் ‘டார்சோலமைடு ஆகாது’ என்று எழுதிவைத்தேன்.