கீமோ மாத்திரையில் இருந்த மகளுக்கு ஃப்ளூ வந்தபோது

என் ஆறு வயது மகளுக்கு ஏ.எல்.எல். வகை ரத்தப் புற்றுநோய். கடுமையான கீமோ கட்டங்களைத் தாண்டி மெயின்டெனன்ஸுக்கு, அதாவது நோய் திரும்பாமலிருக்க நீண்ட நாள் மாத்திரை கொடுக்கும் கட்டத்துக்கு, வந்திருந்தோம். தினமும் இரவு 6-எம்.பி. (மெர்காப்டோப்யூரின்) என்ற கீமோ மாத்திரை, வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்ஸேட் என்ற இன்னொரு கீமோ மருந்து. முடி வளர்ந்துவிட்டதால் பார்க்கிறவர்கள் "குணமாயிடுச்சா?" என்பார்கள். எதிர்ப்புச் சக்தி இன்னும் குறைவுதான் என்பது எங்களுக்குத்தான் தெரியும்.

ஐப்பசி மழையில் சென்னையில் வீட்டுக்கு வீடு இருமல். முதலில் என் கணவருக்குத் தொண்டை கரகரத்தது. அன்றே முகக்கவசம் போட்டுக்கொண்டு தனியறைக்கு மாறினார். அப்படியும் ஒரு ராத்திரி மகளுக்கு உடம்பு கொதித்தது.

100.4 ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் போன் செய்துவிட்டு உடனே கிளம்ப வேண்டும் என்று சிகிச்சையின் தொடக்கத்திலேயே சொல்லியிருந்தார்கள். பாராசிட்டமால் கொடுத்து விடியும்வரை பார்க்கலாம் என்றார் மாமியார். மற்றக் குழந்தைகளுக்கு அது சரி. இவளுக்குச் சூடு தணிந்தாலும் ரத்தத்தில் கிருமி இருந்தால் அது பாட்டுக்குப் பெருகும். ஆட்டோ பிடித்துக் கிளம்பிவிட்டோம்.

அவசரப் பிரிவு வாசலிலேயே, "சிஸ்டர், கீமோல இருக்கிற பாப்பா, காய்ச்சல்" என்றேன். அந்த ஒரு வாக்கியம் போதும். இருமிக்கொண்டிருந்த கூட்டத்தில் உட்கார வைக்காமல் தனியறைக்கு அழைத்துப் போனார்கள். ரத்தத்தில் பாக்டீரியா வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு ரத்தம் எடுத்த கையோடு நரம்பில் ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள். வந்து ஒரு மணி நேரத்துக்குள் அது உள்ளே போயாக வேண்டுமாம். "ஃப்ளூ மாதிரி இருக்கே, இது எதுக்கு டாக்டர்?" என்று கேட்டேன். "வெள்ளணு குறைஞ்ச பிள்ளைக்கு ஃப்ளூவா, ரத்தத்துல பாக்டீரியாவான்னு பார்த்துச் சொல்ல முடியாதும்மா. ரெண்டும் சேர்ந்தும் வரலாம்" என்றார். பாக்டீரியாவை எதிர்க்கும் வெள்ளணுக்களின் எண்ணிக்கையான ஏ.என்.சி. 500-க்கும் கீழே இருந்தது.

மூக்கில் ஸ்வாப் எடுத்தார்கள். முடிவுக்குக் காத்திருக்காமல் ஃப்ளூ வைரஸுக்கான மருந்து ஓசல்டாமிவிரையும் அப்போதே தொடங்கினார்கள். 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். எடையைப் பார்த்து அளவு, நாளுக்கு இரண்டு வேளை. வெறும் வயிற்றில் குடித்ததும் வாந்தி எடுத்துவிட்டாள். பிறகு இட்லி ஊட்டிவிட்டுக் கொடுத்தோம், தங்கியது. மறுநாள் முடிவு வந்தது: இன்ஃப்ளூயன்ஸா ஏ.

காய்ச்சலைவிட என்னைப் பயமுறுத்தியது 6-எம்.பி.யை நிறுத்தியதுதான். ஒரு வேளைகூடத் தவறவிடாமல் கொடுத்துவந்த மாத்திரை அது. இந்த இடைவெளியில் நோய் திரும்பிவிட்டால்? அழுதுகொண்டே கேட்டேன். தொற்று வந்தால் மெயின்டெனன்ஸைக் கொஞ்சம் நிறுத்துவது எல்லாப் பிள்ளைகளுக்கும் நடப்பதுதான், ரத்த அணுக்களின் கவுண்ட் ஏறியதும் தொடங்கிவிடலாம் என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். கணக்குச் சீட்டில் பழைய கவுண்ட்களைக் காட்டி விளக்கினார். அப்படித்தான் நடந்தது.

கல்ச்சரில் எதுவும் வளரவில்லை. காய்ச்சல் விட்டு வீட்டுக்கு வந்தபிறகும் உறவினர்களை வர வேண்டாம் என்றோம். எதிர்ப்புச் சக்தி குறைந்த பிள்ளைகளிடமிருந்து வைரஸ் வழக்கத்தைவிட அதிக நாள் வெளிவருமாம். சிலருக்கு வருத்தம்தான்.

இப்போது வருடாவருடம் வீட்டில் எல்லோரும் ஃப்ளூ ஊசி போடுகிறோம், மாமியார் உட்பட. அவளுக்கும் டாக்டர் சொல்லும் நேரத்தில் போடுகிறோம். கீமோவில் இருப்பதால் ஊசி அவளுக்கு முழுப் பலன் தராமல் போகலாம், அதனால் நாங்கள் போட்டுக்கொள்வது முக்கியம். மூக்கில் விடும், உயிருள்ள வைரஸ் கொண்ட ஃப்ளூ தடுப்பு மருந்து இந்தப் பிள்ளைகளுக்குக் கூடாது, ஊசி மட்டும்தான். உங்கள் பிள்ளைக்கு எப்போது என்பதை அடுத்த செக்கப்பிலேயே கேட்டுவிடுங்கள்.